எல்லைக்குள் எத்தனை ஹெக்டேர்: போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் நிலப்போர்வைக் கணக்கு

பணி சுருக்கமானது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வரைபட வடிவங்களைக் கையாள உதவும் நீட்சிதான் போஸ்ட்ஜிஐஎஸ். அதில் நிர்வாக எல்லைகள் ஓர் அட்டவணையில் பாலிகன்களாக (மூடிய பலகோணங்களாக) இருக்கின்றன. நிலப்போர்வை வரைபடம் இன்னொரு அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு எல்லைக்குள்ளும் மரம், பயிர், கட்டடம், நீர் என்று வகைவாரியாக எத்தனை ஹெக்டேர் என்பது வேண்டும். இதற்கான வினவலை எழுதுவது கடினமில்லை. வந்த எண்ணை நம்பலாமா என்று தீர்மானிப்பதுதான் கடினம். இந்தக் கணக்கில் வரும் பெரும்பாலான தவறுகள் பிழைச்செய்தி காட்டுவதில்லை. வினவல் ஒழுங்காக ஓடி முடிகிறது, அட்டவணை நிரம்புகிறது, எண்களும் பார்வைக்குப் பொருத்தமாகவே தெரிகின்றன. ஆனால் அவை 17 சதவீதம் கூடுதலாகவோ இரண்டு மடங்காகவோ இருக்கக்கூடும்.

நிலப்போர்வைத் தரவாக இங்கே எடுத்துக்கொண்டது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஈஎஸ்ஏ வேர்ல்டுகவர். உலகம் முழுவதற்கும் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கும் ராஸ்டர், அதாவது பிக்சல் கட்டங்களாலான வரைபடம் இது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு வெளியாகியுள்ளது, மொத்தம் 11 வகைகள். 10 என்றால் மரங்கள், 20 புதர், 30 புல்வெளி, 40 பயிர்நிலம், 50 கட்டடப்பகுதி, 80 நிரந்தர நீர், 95 அலையாத்திக் காடு; 0 என்பது நோடேட்டா, அதாவது தரவு இல்லாத இடம். 3 பாகைக்கு 3 பாகை கொண்ட கோப்புகளாகப் பிரித்துத் தருகிறார்கள். ஒவ்வொரு கோப்பும் 36,000 × 36,000 பிக்சல், ஆய முறை ஈபிஎஸ்ஜி 4326 (ஈபிஎஸ்ஜி என்பது ஆய முறைகளின் எண் பட்டியல்). அதாவது பிக்சலின் பக்கம் மீட்டரில் இல்லை, பாகையில் இருக்கிறது: 1/12,000 பாகை. முதல் பெரிய பிழை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

10 மீட்டர் பிக்சல் 100 சதுர மீட்டர் அல்ல

தரவின் விவரக்குறிப்பில் '10 மீட்டர்' என்று இருப்பதைப் பார்த்து, பிக்சல்களை எண்ணி 100 சதுர மீட்டரால் பெருக்குவது மிகவும் பரவலான வழக்கம். உண்மையில் நிலநடுக்கோட்டில் அந்தப் பிக்சல் கிழக்கு மேற்காக சுமார் 9.28 மீட்டர், வடக்கு தெற்காக சுமார் 9.21 மீட்டர், பரப்பு 85.5 சதுர மீட்டர். தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் 30 பாகை அட்சத்தில் அது 74.3 ஆகவும், 60 பாகையில் 43.2 ஆகவும் குறைகிறது. எனவே 100 என்று வைத்துக் கணக்கிட்டால் நிலநடுக்கோட்டில் 17 சதவீதமும், 30 பாகையில் 35 சதவீதமும் கூடுதலாக வரும். 60 பாகையிலோ 2.3 மடங்காகிவிடும். ஒரே எல்லைக்குள் வகைகளின் சதவீதப் பங்கு மட்டும் போதுமென்றால் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் தொகுதியும் பகுதியும் ஒரே அளவில் வீங்குகின்றன. ஹெக்டேர் கேட்கும்போதுதான் அது பிடிபடும்.

ராஸ்டரையே, பரப்பு பிசகாமல் பூமியைத் தட்டையாக்கும் சம பரப்பு புரொஜெக்‌ஷனுக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றலாம், ஆனால் விலை உண்டு. வகைக் குறியீடுகள் கொண்ட ராஸ்டரை மாற்றும்போது அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் முறையைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது. பைலீனியர் முறையில் அண்டைப் பிக்சல்களின் மதிப்புகள் சராசரியாகின்றன. மரம் 10, பக்கத்தில் புல்வெளி 30, இரண்டுக்கும் சராசரி 20. அதாவது காட்டின் விளிம்பு முழுக்க, அங்கே இல்லாத ஒரு புதர் வரிசை முளைத்துவிடும். குறியீடு 20 முறையான வகை என்பதால் எந்தச் சோதனையும் அதைத் தடுக்காது. அருகிலுள்ள பிக்சல் முறையிலும்கூடச் சில பிக்சல்கள் இரட்டிக்கின்றன, சில விடுபடுகின்றன. ஆகவே ராஸ்டரை அதன் சொந்த ஆய முறையிலேயே விட்டுவிட்டு, பிக்சலின் உண்மையான பரப்பைத் தனியே கணக்கிடுவதே எங்கள் தேர்வு.

அதற்கு எளிய வழி டைல்தான், அதாவது ராஸ்டரின் சிறு சதுரத் துண்டு. ராஸ்டர்2பிஜிஎஸ்க்யூஎல் கருவியால் கோப்பை ஏற்றும்போது 250 × 250 பிக்சல் டைல்களாக வெட்டச் சொல்லுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் 256 இங்கே பொருந்தாது. 36,000ஐ 256ஆல் வகுத்தால் மீதம் வந்து, ஓரத்தில் 160 பிக்சல் அகல டைல்கள் மிஞ்சும். 250 மீதமின்றி வகுபடும். ஒரு கோப்புக்கு 144 × 144, அதாவது 20,736 டைல்கள் கிடைக்கும். ஒரு டைலின் உயரம் சுமார் 0.021 பாகை. அந்தச் சிறு உயரத்துக்குள் பிக்சல் பரப்பு மாறும் அளவு, 60 பாகை அட்சத்தில்கூட, 0.1 சதவீதத்துக்கும் கீழ். ஆகவே டைலின் சுற்றெல்லையை எஸ்டி_என்வலப் மூலம் (எஸ்டி_ என்று தொடங்குபவை எல்லாம் போஸ்ட்ஜிஐஎஸ் செயற்கூறுகள்) எடுத்து, பூமியின் வளைவின் மேல் அளக்கும் ஜியாக்ரஃபி வகைக்கு மாற்றி, எஸ்டி_ஏரியா கொண்டு பரப்பைக் கண்டு, அதை டைலின் அகலம் பெருக்கல் உயரத்தால் வகுத்தால் அந்த டைலுக்கான பிக்சல் பரப்பு கிடைக்கும். 62,500 என்று நேரடியாக எழுதாமல் எஸ்டி_வித், எஸ்டி_ஹைட் இரண்டையும் பெருக்கியே வகுக்கவும். நாளை வேறு அளவு டைல் சேர்ந்தாலும் வினவல் தாங்கும்.

டைல்களை இரண்டாகப் பிரித்தால் வேலை பறக்கும்

எல்லாரும் முதலில் எழுதும் வினவல் இப்படி இருக்கும்: எல்லையும் டைலும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இணைக்கும் எஸ்டி_கிளிப் செய், பிறகு எஸ்டி_வேல்யூகவுன்ட் கொண்டு எண்ணு, கடைசியில் எல்லை வாரியாகக் கூட்டு. விடை சரியாக வரும், ஆனால் பெரிய எல்லைகளில் நேரம் தின்னும். ஒரு பெரிய மாவட்ட அளவு எல்லைக்குள் வரும் டைல்களில் மிகப் பெரும்பாலானவை முழுவதுமாக உள்ளே இருப்பவை. அவற்றை வெட்டவே தேவையில்லை.

எனவே முதலில், எல்லைகளைப் பற்றிய கவலையே இல்லாமல், ஒவ்வொரு டைலுக்கும் எஸ்டி_வேல்யூகவுன்ட் ஓட்டி ஒரு துணை அட்டவணை உருவாக்குங்கள்: டைல் எண், வகைக் குறியீடு, பிக்சல் எண்ணிக்கை, பிக்சல் பரப்பு, டைலின் சுற்றெல்லை. இது ஒருமுறை வேலை. பிறகு எல்லைக்குள் முழுவதும் அடங்கும் டைல்களை எஸ்டி_கவர்ஸ் மூலம் கண்டுபிடித்து, துணை அட்டவணையிலிருந்து கூட்டினால் போதும், ராஸ்டரைத் தொடவே வேண்டாம். விளிம்பில் சிக்கும் டைல்களுக்கு மட்டும் எஸ்டி_கிளிப். நாளை எல்லைகள் திருத்தப்பட்டாலும், வேறொரு எல்லைத் தொகுப்பு வந்தாலும், துணை அட்டவணை அப்படியே பயன்படும்.

விளிம்பு டைல்களை வெட்டும்போது, கடற்கரையோ ஆறோ எல்லையாக உள்ள பாலிகன்களில் பல்லாயிரம் முனைப்புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு டைலுக்கும் அத்தனையையும் அலச வைப்பது வீண். எல்லைகளை எஸ்டி_சப்டிவைட் கொண்டு துண்டுகளாக்கி, துண்டோடு எல்லையின் அடையாள எண்ணையும் வைத்து, ஜிஸ்ட் இன்டெக்ஸ் (இடவாரித் தேடலை விரைவாக்கும் சுட்டி) கட்டி, அனலைஸ் (அட்டவணையின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டிவிட்டு இணைத்தால் வேகம் பெருமளவு கூடும். துண்டுக்கு அதிகபட்ச முனைப்புள்ளிகள் இயல்பாகவே 256 என்றிருக்கும், அது நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: 'முழுவதும் உள்ளே' என்ற சோதனையை எப்போதும் முழு எல்லையோடு செய்யவும். துண்டுகளோடு செய்தால், இரண்டு துண்டுகளுக்கு நடுவே கிடக்கும் உள் டைல்களும் விளிம்பு டைல்களாகத் தெரிந்து, மிச்சப்படுத்திய நேரமெல்லாம் போய்விடும்.

எஸ்டி_கிளிப் இயல்பாக, பிக்சலின் மையம் பாலிகனுக்குள் இருந்தால் மட்டுமே அந்தப் பிக்சலைச் சேர்க்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ் 3.5 முதல் தொட்ட பிக்சல்கள் அனைத்தையும் சேர்க்கும் விருப்பமும் உண்டு. பரப்புக் கணக்கில் அதைத் தொடவே வேண்டாம். பொது எல்லையிலுள்ள பிக்சல்கள் இரு பக்க எல்லைகளிலும் எண்ணப்பட்டு, எல்லாமே வீங்கும்.

நோடேட்டா பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ராஸ்டரில் நோடேட்டா மதிப்பு வரையறுக்கப்படாவிட்டால், எஸ்டி_கிளிப் அந்தப் பிக்சல் வகையின் மிகச் சிறிய மதிப்பை நோடேட்டாவாக எடுத்துக்கொள்கிறது. 8 பிட் குறியற்ற எண் என்றால் அது 0. வேர்ல்டுகவரில் 0 வகையே இல்லை என்பதால் பாதகமில்லை. 0 என்பதை உண்மையான வகையாக வைத்திருக்கும் வேறு தரவில் அந்த வகை முழுவதும் விடையிலிருந்து மறைந்துபோகும். எஸ்டி_வேல்யூகவுன்டும் இயல்பாக நோடேட்டாவை எண்ணாது. அதை எண்ணச் சொல்லித் தனி வரியாக வைத்துக்கொள்வது நல்லது, பிறகு கணக்கு ஒப்பிடும்போது அது கைகொடுக்கும். ஆனால் வெட்டிய டைலில் எல்லைக்கு வெளியே உள்ள பிக்சல்களும் நோடேட்டாவாகத்தான் நிற்கும். ஆகவே உண்மையான நோடேட்டாவை முழு டைல்களில் நேரடியாகவும், விளிம்பில் எல்லைப் பரப்பிலிருந்து கழித்தும்தான் பெற முடியும்.

வெக்டர் நிலப்போர்வை என்றால்

ஐரோப்பாவின் கோரைன் போன்ற தரவுகள் பாலிகன்களாகவும் கிடைக்கின்றன. அங்கே வேலை எஸ்டி_இன்டர்செக்‌ஷன், பிறகு எஸ்டி_ஏரியா. ராஸ்டரைப் போலவே இங்கும் வெட்டத் தேவையில்லாததை வெட்டக் கூடாது: நிலப்போர்வைப் பாலிகன் எல்லைக்குள் முழுவதும் இருந்தால், கேஸ் கூற்றில் எஸ்டி_கவர்டுபை சோதனை வைத்து அதன் பரப்பை அப்படியே எடுக்கவும். ஒரே பாலிகனாக வரும் பெருங்காடுகளும், நூற்றுக்கணக்கான ஓட்டைகள் கொண்ட வயல்வெளிகளும்தான் இங்கே வேகத்தைக் கெடுப்பவை. அவற்றையும் முன்கூட்டியே சப்டிவைட் செய்துவிட வேண்டும்.

தன் கோட்டைத் தானே வெட்டுவது போன்ற செல்லாத வடிவங்கள் இருந்தால் டோபாலஜி எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். எஸ்டி_ஈஸ்வேலிட்ரீசன் கொண்டு காரணத்தையும் இடத்தையும் பார்த்து, எஸ்டி_மேக்வேலிட் ஓட்டுவது வழக்கம். அதை ஓட்டும் முன்னும் பின்னும் பரப்பை ஒப்பிட்டே ஆக வேண்டும். இயல்பான முறை கோடுகளையெல்லாம் எடுத்து மறுபடி பாலிகன் கட்டுவதால், பாலிகன் தன் மேலேயே படிந்த இடங்கள் ஓட்டையாக மாறக்கூடும். போஸ்ட்ஜிஐஎஸ் 3.2 முதல், அது சார்ந்திருக்கும் வடிவக் கணக்கு நூலகமான ஜியோஸ் 3.10 உடன், 'ஸ்ட்ரக்சர்' என்ற முறை உண்டு. அது வெளி வளையங்களை ஒன்றுசேர்த்து ஓட்டைகளைக் கழிப்பதால் பரப்புக் கணக்குக்குப் பெரும்பாலும் அதுவே பொருத்தம். ஆய முறையை மாற்றிய பிறகு வடிவம் மீண்டும் செல்லாததாகலாம் என்பதால், சோதனையை மாற்றத்துக்குப் பின்னும் ஒருமுறை வைக்கவும்.

வெட்டும் வேலையை, தட்டைத் தளத்தில் கணக்கிடும் ஜியாமெட்ரி வகையில் செய்து, பரப்பை ஜியாக்ரஃபி வகையில் எடுப்பதே முறை. ஜியாக்ரஃபிக்கான எஸ்டி_இன்டர்செக்‌ஷன் உள்ளுக்குள் ஒரு தற்காலிகத் தளப் புரொஜெக்‌ஷனுக்கு மாற்றி வெட்டிவிட்டுத் திரும்புகிறது, அதனால் ஆதாயம் எதுவும் இல்லை. ஜியாக்ரஃபியில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. அதில் இரு புள்ளிகளுக்கு இடையிலான கோடு பூமியின் மேல் மிகக் குறுகிய பாதை. ஓர் அட்சக்கோட்டின் வழியே பல பாகை நீளத்துக்கு இரண்டே முனைப்புள்ளிகளோடு செல்லும் எல்லை இருந்தால், ஜியாக்ரஃபியாக மாற்றியதும் அது துருவத்தை நோக்கி வளைந்துவிடும். மாற்றும் முன்பே, பாகையில் இருக்கும்போதே, எஸ்டி_செக்மென்டைஸ் கொண்டு 0.01 பாகை இடைவெளியில் புள்ளிகள் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

சம பரப்பு புரொஜெக்‌ஷனில் அட்டவணையில் தனிப் பத்தி (நெடுவரிசை) வைத்துக்கொள்வதும் நல்ல வழி. உலகளவில் ஈபிஎஸ்ஜி 6933, ஐரோப்பாவுக்கு 3035. வடிவம் நசுங்கித் தெரியும், பரப்பு பிசகாது. உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் சம பரப்பு அல்ல: மண்டலத்தின் நடுக்கோட்டில் அளவுகோல் 0.9996 என்பதால் பரப்பு 0.08 சதவீதம் குறைவாகவும், நிலநடுக்கோட்டருகே மண்டல ஓரத்தில் சுமார் 0.2 சதவீதம் கூடுதலாகவும் வரும். ஒரு மண்டலத்துக்குள் அடங்கும் வேலைக்கு இது பரவாயில்லை. இணைய வரைபடங்களில் வழக்கமான வெப் மெர்கேட்டர் எனும் 3857 பரப்புக் கணக்குக்கு உதவவே உதவாது: 30 பாகையில் 1.33 மடங்கு, 45 பாகையில் 2 மடங்கு, 60 பாகையில் 4 மடங்கு. எந்தப் புரொஜெக்‌ஷனைத் தேர்ந்தாலும் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்மை இணைப்பு நிபந்தனைக்குள் எழுதாமல், மாற்றிய வடிவத்தைச் சேமித்து அதன்மேல் இன்டெக்ஸ் கட்டவும். நிபந்தனைக்குள் எழுதினால் மூலப் பத்தியின் இன்டெக்ஸ் பயன்படாமல் போகும்.

ராஸ்டரை எஸ்டி_டம்ப்ஆஸ்பாலிகன்ஸ் கொண்டு வெக்டராக்கி, பிறகு வெட்டலாம் என்ற யோசனையும் அடிக்கடி எழுகிறது. 10 மீட்டர் நிலப்போர்வையில் தனித்து நிற்கும் பிக்சல்கள் ஏராளம், ஒவ்வொன்றும் ஐந்து முனைப்புள்ளி கொண்ட தனிப் பாலிகனாகும். மீதியெல்லாம் படிக்கட்டு விளிம்புகள். விடையில் துல்லியம் சற்றும் கூடாது, அட்டவணை மட்டும் பெருத்துவிடும்.

கணக்கு ஒப்பிடல்

விடை அட்டவணை உருவானதும் முதலில் பார்க்க வேண்டியது ஒரே விகிதம்தான்: எல்லைக்குள் எல்லா வகைகளின் கூட்டுப் பரப்பை, எல்லைப் பாலிகனின் ஜியாக்ரஃபி பரப்பால் வகுத்து வருவது. அது 1க்கு மிக அருகில் இருக்க வேண்டும். எவ்வளவு அருகில் என்பதையும் கணக்கிடலாம். 10 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுர எல்லையை எடுத்துக்கொள்வோம், அதன் பரப்பு 10,000 ஹெக்டேர். சுற்றளவு 40 கிலோமீட்டர், விளிம்பில் சுமார் 4,000 பிக்சல்கள். மைய விதியால் ஒவ்வொன்றிலும் வரும் சிறு பிழை கூடுதலும் குறைவுமாக ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், எல்லை பிக்சல் வரிசைக்கு இணையாக இல்லாதவரை மொத்தத்தில் மிஞ்சுவது ஒரு ஹெக்டேருக்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே அந்த அளவு எல்லையில் 1 சதவீத வித்தியாசம் வந்தால், விளிம்புப் பிக்சல்களைக் காரணம் சொல்லக் கூடாது. வேறு எங்கோ தவறு இருக்கிறது.

விகிதத்தின் போக்கே தவறின் இடத்தைக் காட்டிவிடும். வடக்கே போகப் போக 1.17, 1.35, 2.3 என்று சீராக ஏறினால் பிக்சலை 100 சதுர மீட்டராக வைத்திருக்கிறீர்கள். 1.33, 2, 4 என்று ஏறினால் எங்கோ 3857 நுழைந்திருக்கிறது. சரியாக 2 வந்தால் அதே கோப்பு இருமுறை ஏற்றப்பட்டிருக்கும், அல்லது எல்லை அட்டவணையோடு இணைத்த விவர அட்டவணையில் ஓர் எல்லைக்கு இரண்டு வரிசைகள் இருக்கும். 3 பாகைக் கோட்டை ஒட்டிய எல்லைகளில் மட்டும் கூடுதலாக வந்தால் டைல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன, குறைவாக வந்தால் பக்கத்துக் கோப்பு ஏற்றப்படவில்லை. கடலோரத்தில் மட்டும் குறைந்தால் நோடேட்டாவைப் பாருங்கள். எதுவுமே வராமல் 0 என்றால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கும். எஸ்டி_ஃபிளிப்கோஆர்டினேட்ஸ் அதைச் சரிசெய்யும். பரப்பு 0.8 போன்ற சிறு தசமமாக வந்தால் அது சதுர பாகை: 4326 ஜியாமெட்ரியில் நேரடியாக எஸ்டி_ஏரியா எடுத்திருக்கிறீர்கள். அதை ஒரே எண்ணால் பெருக்கி மீட்டராக்க முயல வேண்டாம்.

இந்த விகிதம் பிடிக்காத தவறு ஒன்று உண்டு. எல்லைகளே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் ஒவ்வோர் எல்லையின் விகிதமும் சரியாகவே இருக்கும், எல்லாவற்றையும் கூட்டிய மாநில அளவு மொத்தம் மட்டும் மிகும். எல்லை அட்டவணையை அதனோடே இணைத்து, முதல் அடையாள எண் இரண்டாவதைவிடச் சிறியது என்ற நிபந்தனையோடு, வெட்டும் பகுதியின் பரப்பு எடுத்துப் பார்த்தால் படிந்த இடங்கள் தெரியும். போஸ்ட்ஜிஐஎஸ் 3.4 முதல் எஸ்டி_கவரேஜ்இன்வேலிட்எட்ஜஸ் இதை விளிம்பு அளவில் காட்டுகிறது.

காணாமல் போகும் எல்லைகளையும் தேட வேண்டும். எந்தப் பிக்சலின் மையமும் உள்ளே விழாத அளவுக்குச் சிறிய எல்லைக்கு விடையில் வரிசையே இருக்காது. எல்லை அட்டவணையை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்தால் அவை வெற்றாக நின்று கண்ணில் படும்.

சிறிய எல்லைகளும் வரைபடத்தின் பிழையும்

ஒரு ஹெக்டேர் சதுர நிலத்தில் 10 மீட்டர் பிக்சல்கள் சுமார் 100, அவற்றில் 40க்கு அருகே விளிம்பில் நிற்பவை. நிலத்தின் ஒரு பக்கம் பிக்சல் வரிசைக்கு இணையாக அரை பிக்சல் தள்ளி அமைந்தால், அந்த ஒரு பக்கத்திலேயே 5 சதவீதம் கூடவோ குறையவோ செய்யும். இப்படிப்பட்ட எல்லைகளுக்குப் பிக்சலின் எந்தப் பங்கு உள்ளே இருக்கிறது என்று எடைபோட்டுக் கூட்ட வேண்டும். விளிம்புப் பிக்சல்களை மட்டும் எஸ்டி_பிக்சல்ஆஸ்பாலிகன்ஸ் கொண்டு வடிவமாக்கி வெட்டலாம், அல்லது தரவுத்தளத்துக்கு வெளியே எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட் கருவியைப் பயன்படுத்தலாம். தரவின் மிகச் சிறிய வரைபட அலகைவிடச் சிறிய நிலத்துக்கு எந்த முறையும் உதவாது. கோரைனில் அந்த அலகு 25 ஹெக்டேர். 10 ஹெக்டேர் குளம் அதில் இருக்காது, அந்த எல்லையில் நீர் 0 என்று வருவதற்குக் குளம் இல்லை என்று பொருள் அல்ல.

எண்ணியது எல்லாம் சரியாக இருந்தாலும் வரைபடம் வகைப்படுத்தியதில் தவறு இருக்கும். வேர்ல்டுகவரின் ஒட்டுமொத்தத் துல்லியம் 2020 பதிப்பில் 74.4 சதவீதம், 2021 பதிப்பில் 76.7 சதவீதம். இரண்டும் வெவ்வேறு நிரல்முறைப் பதிப்புகளால் உருவானவை. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து 'ஓராண்டில் இத்தனை ஹெக்டேர் காடு குறைந்தது' என்று எழுதினால், அதில் நிலத்தின் மாற்றம் எவ்வளவு, நிரல்முறையின் மாற்றம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

பரப்பை ஒரு முடிவுக்கு ஆதாரமாகத் தர வேண்டியிருந்தால், எல்லைக்குள் மாதிரிப் புள்ளிகளை வகைவாரியாகச் சீரற்ற முறையில் எடுத்து, உயர் நுணுக்கப் படங்களிலோ களத்திலோ சரிபார்த்துத் திருத்த வேண்டும். இதன் விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு: 10,000 ஹெக்டேர் எல்லையில் வரைபடம் 1,000 ஹெக்டேரைப் பயிர்நிலம் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரிபார்த்ததில் அந்த 1,000இல் 80 சதவீதம்தான் உண்மையில் பயிர், மீதி 9,000இல் 5 சதவீதமும் பயிர்தான் என்று தெரிகிறது. திருத்திய பரப்பு 800 + 450 = 1,250 ஹெக்டேர். பிக்சல் எண்ணிக்கை தந்ததைவிடக் கால் பங்கு அதிகம். விடை அட்டவணையில் எண்ணிய பரப்பு, திருத்திய பரப்பு, ஒப்பீட்டு விகிதம், தரவின் பதிப்பு, புரொஜெக்‌ஷன் ஆகிய ஐந்துக்கும் தனித்தனிப் பத்தி வைத்துவிட்டால், அடுத்து அந்த எண்ணை எடுப்பவர் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்தே எடுப்பார்.